மகுடத்தேவன் காட்டைக் காத்த கதை

ராசாக்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று ராசாக்களே கல்லில் வெட்டிவைத்துக்கொண்ட காலம் அது. அந்தக் காலத்தில், ஆறு போய்க் கடலில் விழுகிற ஓரிடத்தில், கழிநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை மகுடத்தேவன் என்று ஒரு ராசா ஆண்டான். நல்லவன்தான். கல்லில் அப்படித்தான் இருந்தது.

கழிநாட்டின் கீழ்க்கோடியில், உப்புத்தண்ணீரில் காலை ஊன்றிக்கொண்டு ஒரு காடு நின்றது. கண்டல், சுரபுன்னை, தில்லை என்று மூன்று சாதி மரம். சேற்றிலிருந்து வேர்கள் விரல் விரலாக மேலே நீட்டி மூச்சு வாங்கும். கடல்தண்ணீர் நாளுக்கு இருமுறை உள்ளே ஏறும், இருமுறை இறங்கும். இதை அங்கே உள்ளவர்கள் ஓதம் என்பார்கள். ஓதம் ஏறினால் காடு குடிக்கும். ஓதம் இறங்கினால் காடு மூச்சுவிடும். புயல் வந்தால் முதல் அடியைக் காடு வாங்கிக்கொள்ளும், மிச்சம்தான் ஊருக்கு.

காட்டை ஒட்டி நண்டுத்திட்டு என்று நாற்பது குடிசை. அதில் ஒன்று அங்காயியுடையது. புருசனைக் கடல் கொண்டுபோய்ப் பத்து வருசம் ஆகிறது. அவளுக்குச் சொத்து என்று இருந்தது வலது கை. அந்தக் கையை நண்டு வளையில் தோள் வரைக்கும் விடுவாள். உள்ளே இருப்பது ஆணா பெண்ணா, சினையா இல்லையா என்று விரலே சொல்லிவிடும். சினை நண்டாக இருந்தால் கையை வெறுமனே வெளியே எடுத்துக்கொண்டு அடுத்த வளைக்குப் போவாள். இப்படிச் செய் என்று அவளுக்கு எந்த ஆணையும் வரவில்லை. ஆணை வராமலே சரியாக நடக்கிற காரியங்கள் அந்தக் காலத்தில் நிறைய இருந்தன.

அவற்றில் பெரிய காரியம் வாய் திறப்பு. கடல்தண்ணீர் காட்டுக்குள் போய்வர மூன்று ஓடை உண்டு: பெரியவாய், கொக்குவாய், ஊமைவாய். ஐப்பசி கார்த்திகை மழையில் ஆறு வண்டலைக் கொண்டுவந்து மூன்றின் வாயையும் அடைத்துவிடும். தை அமாவாசைக்கு மறுநாள் நாற்பது வீடும் கூடையும் மண்வெட்டியுமாக இறங்கும். முதல் நாள் பெரியவாய், இரண்டாம் நாள் கொக்குவாய், மூன்றாம் நாள் ஊமைவாய். அடைத்த சேற்றை அள்ளிப்போட்டு, தண்ணீர் உள்ளே போவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குச் சோறு தின்னப் போவார்கள். பாட்டன் காலத்திலும் அப்படித்தான், அவன் பாட்டன் காலத்திலும் அப்படித்தான். யாரும் அதை எழுதிவைக்கவில்லை. எழுதாத வேலையை அரண்மனை வேலை என்று மதிப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

இப்படி இருக்கையில், ராசாவுக்குக் காட்டின்மேல் அன்பு வந்தது.

அன்பு எப்படி வந்தது என்று கேளுங்கள். மலைநாட்டு அரசன் ஒருவன் விருந்துக்கு வந்திருந்தான். சாப்பிட்டுக் கை கழுவும்போது, "எங்கள் நாட்டில் ஒரு சந்தனக் காட்டை நாங்கள் காத்து வருகிறோம். தங்கள் நாட்டில் எந்தக் காட்டைக் காக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டான். மகுடத்தேவனுக்கு முகம் சுண்டிப்போனது. அவன் பல நாடுகளைப் பிடித்திருந்தான், சிலவற்றை எரித்தும் இருந்தான்; எதையும் காத்ததில்லை.

அன்றைக்கே மந்திரி ஆலாலரைக் கூப்பிட்டான். "நமக்கு ஒரு காடு வேண்டும்."

ஆலாலர் யோசித்தார். நாட்டுக்குள் இருந்த காடுகளை எல்லாம் வெட்டித்தான் தேரும் கப்பலும் அந்தப்புரமும் கட்டியிருந்தார்கள். மிஞ்சியது கடலோரச் சேற்றுக்காடு ஒன்றுதான். அந்த மரம் கோணல்மாணல், உத்தரத்துக்கு ஆகாது. அதனால் தப்பிப் பிழைத்திருந்தது.

"ஒன்று இருக்கிறது, அரசே. கொஞ்சம் ஈரமாக இருக்கும்."

ராசா பார்க்கப் போனான். பல்லக்குத் தூக்கிகள் நால்வரும் முழங்கால்வரை புதைந்தார்கள். ராசாவின் செருப்பு ஒன்று சேற்றோடு போயிற்று. அதோடு அவனுக்குக் காட்டைப் பற்றி எல்லாம் புரிந்துவிட்டது. திரும்பி வந்து மூன்று ஆணை போட்டான்.

ஒன்று: அரசர் வந்து பார்க்க வசதியாகக் காட்டுக்குள் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு பாதை போட வேண்டும், பாதை முடிவில் ஒரு மண்டபம் வேண்டும். இரண்டு: இனி அந்தக் காட்டில் ஒருவரும் கால்வைக்கக் கூடாது, ஒரு பிடி சேறும் அள்ளக் கூடாது. மூன்று: மீறினால், முதல் முறை முகத்தில் சேறு பூசி ஊர்வலம், இரண்டாம் முறை வீடு இடிப்பு, மூன்றாம் முறை வலது கை வெட்டு.

பாதை போட வந்தவர்கள் மூன்று ஓடைகளையும் கண்டார்கள். பாலம் கட்டினால் நாளாகும். மண்ணைக் கொட்டித் தூர்த்து, மேலே செங்கல் பாவிவிட்டார்கள். பாதை நேராக, அழகாக, வெள்ளை வெளேரென்று வந்தது. கடலுக்கும் காட்டுக்கும் நடுவே போட்ட கரை அது என்று அதைப் பார்த்தவர்களில் நாற்பது வீட்டாருக்கு மட்டும்தான் தெரிந்தது. அவர்களை யார் கேட்டார்கள்?

யாரும் கேட்காததால் அங்காயியே போனாள். ஆலாலர் பாதையைப் பார்வையிட வந்திருந்தார்.

"ஐயா, வாயை அடைச்சிட்டீங்க. தண்ணி எப்படி உள்ள போவும்?"

"காட்டுக்குள்ளேதான் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறதே, அம்மா. கண் தெரியவில்லையா?"

"அது நிக்கிற தண்ணி, ஐயா. நிக்கிற தண்ணி வெயில்ல வத்தி உப்பா முறுகிப்போவும். வருசா வருசம் நாங்க அள்ளிவிடுவோம். இது எங்க வழக்கம்."

"வழக்கமா? ஓலை இருக்கிறதா?"

"ஓலை எதுக்கு? எங்க பாட்டன் அள்ளினான், நாங்க அள்ளுறோம்."

"வாய்ப்பேச்சு செல்லாது. ஓலை வேண்டும், ஓலையில் முத்திரை வேண்டும். இல்லையென்றால் நீ செய்வது திருட்டு." ஆலாலர் குரலைத் தணித்து அன்பாகவும் சொன்னார்: "காட்டைக் காப்பதை எங்களிடம் விட்டுவிடு. உனக்கு எதற்கு இந்தச் சேறும் சகதியும்?"

தை வந்தது. அங்காயி தனியாகக் கூடையை எடுத்துக்கொண்டு பெரியவாய்க்குப் போனாள். கரையில் கைவைத்ததும் காவலர்கள் பிடித்தார்கள். முகத்தில் சேறு பூசி, கழுதையில் ஏற்றி, மூன்று தெரு சுற்றினார்கள். பிறந்த நாளிலிருந்து சேற்றில் புரள்கிறவளுக்குச் சேறு பூசினால் என்ன வலி என்பதை ஆணை எழுதினவர் யோசிக்கவில்லை. கழுதைதான் பாவம், நடந்தது.

அந்தச் சித்திரையில் ராசா காட்டைப் பார்க்க வந்தான். இலை நுனிகள் மஞ்சளாகியிருந்தன. "இது ஏன்?" என்று கேட்டான். கூட வந்த அவைப்புலவர், "தாங்கள் கால்வைத்ததும் காடு பொன்னாக மாறுகிறது, அரசே" என்றார். புலவருக்குப் பட்டாடை கிடைத்தது. காட்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மறு தை வந்தது. அங்காயி கொக்குவாய்க்குப் போனாள். ஏழு கூடை அள்ளுவதற்குள் பிடித்தார்கள். குடிசையை இடித்தார்கள். அவள் கொழுந்தன் வீரணன் தன் வீட்டு ஓரத்தில் ஒரு சார்ப்பு இறக்கிக் கொடுத்தான்.

"அண்ணி, இன்னும் ஒருதரம் போனா கையி. கை போனா உனக்கு நண்டு ஏது, கஞ்சி ஏது? பேசாம இரு."

"நண்டு இருந்தாத்தானடா கை எதுக்குன்னு கேக்கணும். போன மாசம் எத்தினி நண்டு கண்ட நீ?"

அந்த மாதம் வீரணன் ஒன்றுகூடக் காணவில்லை.

அந்தச் சித்திரையிலும் ராசா வந்தான். இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. சேற்றின்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. "இது ஏன்?" என்று கேட்டான். அவைச் சோதிடர் விரலை மடக்கிப் பார்த்து, "காட்டுக்குச் சனி நடக்கிறது. இரண்டரை வருடத்தில் நகர்ந்துவிடும்" என்றார். மரத்துக்குப் பிறந்த நட்சத்திரம் எதுவென்று அவரை யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் தை வந்தது. அங்காயி ஊமைவாய்க்குப் போனாள். இந்தமுறை அவள் மேலிருந்து அள்ளவில்லை. கரையின் அடியில், கடல் பக்கமாகப் படுத்துக்கொண்டு, நண்டு வளை தோண்டுகிற மாதிரி வலது கையால் தோண்டினாள். மறுநாளும் போனாள். மூன்றாம் நாளும் போனாள். ஆள் நுழைகிற அளவுக்குப் பொந்து விழுந்து, இன்னும் ஒரு முழம் போனால் மறுபக்கம் என்கிறபோது காவலர்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள்.

பொந்தை என்ன செய்வது என்று காவல்தலைவன் கேட்டனுப்பினான். சித்திரை வரைக்கும் அது தாங்கினால் போதும் என்று அரண்மனையிலிருந்து பதில் வந்தது. வைக்கோலைத் திணித்து மேலே சுண்ணாம்பு பூசினார்கள். இழுத்துக்கொண்டு போகும்போது அங்காயி அதைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

அவள் கையை உடனே வெட்டவில்லை. ஏனென்றால் அந்தச் சித்திரை முழுநிலாவுக்கு மலைநாட்டு அரசன் காட்டைப் பார்க்க வருகிறான். விருந்தாளிக்கு மண்டபத்தில் வைத்துக் காட்டின் பகைவர் ஒருவரைத் தண்டித்துக் காட்டலாம் என்று ஆலாலர் யோசனை சொன்னார். அதுவரை அவளுக்குச் சிறையில் வேளாவேளைக்குச் சோறு போட்டார்கள். அவள் வாழ்க்கையில் தினமும் மூன்று வேளை சாப்பிட்டது அந்த மூன்று மாதம்தான்.

இதற்குள் காடு பட்டுப்போயிருந்தது. பாதை நெடுகச் சாம்பல் நிறக் குச்சிகள். விருந்தாளிக்கு எதைக் காட்டுவது? ஆலாலர் இருநூறு வீரர்களை வைத்து மூன்று நாள் வேலை வாங்கினார். பட்ட கண்டல் மரங்களிலெல்லாம் மாவிலையைக் கொத்துக் கொத்தாகக் கட்டினார்கள். மாவிலை போதாமல் போன இடத்தில் வாழையிலை. தூரத்திலிருந்து பார்த்தால் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

முழுநிலா நாள் காலை. ராசாவும் விருந்தாளியும் யானைமேல் பாதை வழியே வந்து மண்டபத்தில் இறங்கினார்கள். பின்னால் ஆலாலர், புலவர், சோதிடர், வாளோடு ஒரு வெட்டுவான். நண்டுத்திட்டுக்காரர்களையும் வரச்சொல்லி, பாதை தொடங்குகிற மேட்டுநிலத்தில் வரிசையாக நிற்கவைத்திருந்தார்கள். தண்டனையைப் பார்த்துத் திருந்துவதற்காக. மண்டபத்திலிருந்து பேசினால் அங்கே கேட்கும்.

மலைநாட்டு அரசன் ஒரு மரத்தை உற்றுப் பார்த்தான். "இந்த மரத்தின் இலை மாவிலை போலவே இருக்கிறதே."

"கடல்மா, அரசே" என்றார் ஆலாலர், கண் இமைக்காமல்.

அங்காயியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கட்டை அவிழ்த்து, வலது கையை ஒரு பலகைமேல் வைக்கச் சொன்னார்கள்.

"காட்டைக் கெடுத்தவள் இவள்தான்" என்று ராசா விருந்தாளிக்குச் சொன்னான். "மூன்று வருடமாகச் சேற்றைத் திருடுகிறாள். கடைசியாக ஏதாவது சொல்கிறாயா, பெண்ணே?"

அங்காயி பாதையைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தாள். முழுநிலா நாளின் பெரிய ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் மேல் அவளுக்கே கோபம் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் உண்மையைச் சொல்லத்தான் வாய் வருகிறது.

"ராசா, கையை வெட்டறது எங்கயும் வெட்டலாம். ஓதம் ஏறுது. யானையைப் பாதைமேல நிக்கவெக்காதீங்க. எல்லாரும் மேட்டுக்குப் போயி அங்க வெச்சு வெட்டுங்க."

ராசா சிரித்தான். ராசா சிரித்ததால் ஆலாலர் சிரித்தார். ஆலாலர் சிரித்ததால் புலவரும் சோதிடரும் சிரித்தார்கள். யானை மட்டும் சிரிக்கவில்லை. அதன் காலடியில் ஈரம் பட்டிருந்தது.

யானைக்கு மந்திரி யாரும் இல்லாததால் அது தானாக யோசித்தது. பாகனை உதறிவிட்டு மேட்டை நோக்கி ஓடியது. ஊமைவாய்க்கு மேலே அது கால்வைத்ததுதான் தாமதம், ஓதத்தில் ஊறிப்போயிருந்த வைக்கோல் அமுங்கியது, சுண்ணாம்பு விரிந்தது, கரை உடைந்தது. யானை எப்படியோ தப்பி மேட்டில் ஏறிவிட்டது. பின்னாலேயே கடல் உள்ளே நுழைந்தது. மூன்று வருசம் வெளியே நின்ற தண்ணீர். அதற்கு அவசரம் இருக்காதா? பாதை துண்டு துண்டாகக் கரைந்தது. மண்டபம் மெதுவாக, மரியாதையாக, ஒரு பக்கம் சாய்ந்து எல்லாரையும் சேற்றில் இறக்கிவிட்டது.

சேற்றில் விழுந்தால் உதைக்கக் கூடாது. உதைத்தால் உள்ளே இழுக்கும். குப்புறப் படுத்து, கையைப் பரப்பி, பாம்பு மாதிரி ஊர வேண்டும். நண்டுத்திட்டில் பால்குடிக்குக்கூட இது தெரியும். ராசாவுக்குப் படுப்பது பழக்கம்தான், ஆனால் இப்படி இல்லை. அவன் உதைத்தான். இடுப்புவரை போனான். பக்கத்தில் ஆலாலர் இடுப்புவரை. விருந்தாளி இடுப்புவரை. வாள் எங்கே போனதென்று வெட்டுவானுக்கே தெரியவில்லை. அங்காயி மட்டும் படுத்து ஊர்ந்து, ஒரு கண்டல் வேர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"யாரங்கே? வந்து தூக்குங்கள்" என்றான் ராசா.

மேட்டில் நாற்பது வீட்டாரும் நின்றார்கள். யாரும் அசையவில்லை. வீரணன் கைகட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னான்:

"தூக்கலாம் ராசா. ஆனா சேத்துல கால்வெக்கக் கூடாதுன்னு ஆணை இருக்கு."

"அதை விடு. வா."

"முகத்துல சேறு பூசுவாங்க, ராசா."

"பூசமாட்டார்கள். வா."

"வீட்டை இடிப்பாங்க. மழைக்கு முன்னாடிதான் கூரை மேஞ்சேன்."

"ஆணையை நீக்கிவிட்டேன். இதோ, என் வாயால் சொல்கிறேன்."

அங்காயி வேர்மேல் இருந்தபடியே ஆலாலரைத் திரும்பிப் பார்த்தாள். "வாய்ப்பேச்சு செல்லுமா, ஐயா?"

தண்ணீர் ஆலாலரின் தொப்புளைத் தொட்டது.

"ஓலை வேணும், ஓலையில முத்திரை வேணும்னு நீங்கதான சொன்னீங்க? மடியில ஓலையும் எழுத்தாணியும் இருக்குமே. எழுதுங்க, நான் சொல்றேன்."

ஆலாலர் எழுதினார். வாழ்நாளில் அவர் இவ்வளவு வேகமாக ஏழைக்கு எதுவும் எழுதித்தந்ததில்லை.

"ஒண்ணு. உடைஞ்ச கரையை யாரும் மறுபடி கட்டக் கூடாது. மத்த ரெண்டு வாயையும் நாங்க திறப்போம்."

எழுதினார். தண்ணீர் விலாவுக்கு வந்தது.

"ரெண்டு. தையில வாய் திறக்கறது நண்டுத்திட்டு நாப்பது வீட்டோட உரிமை. எந்த ராசா வந்தாலும்."

எழுதினார். தண்ணீர் மார்புக்கு வந்தது. ஆலாலர் ஓலையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து எழுதினார்.

"சீக்கிரம் சொல், பெண்ணே. கை வெட்டக் கூடாது என்பதுதானே மூன்றாவது?" என்றான் ராசா.

அங்காயி தன் கையைப் பார்த்தாள். பிறகு மரங்களைப் பார்த்தாள். மாவிலை எல்லாம் கட்டு அவிழ்ந்து தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. உள்ளே நின்றவை வெறும் குச்சிகள்.

"வாய் திறக்கறது உரிமைன்னு ஆனா கை வெட்டற ஆணையும் தானா போவுது, அதைத் தனியா எழுத வேணாம். மூணாவது இது. காட்டைப் பாக்க வர்றவங்க, ராசாவோ மந்திரியோ புலவரோ, முதல்ல இறங்கி ஒரு கூடை சேறு அள்ளிப் போடணும். அள்ளினா பாக்கலாம். அள்ளாதவங்க மேட்டோட திரும்பிடணும்."

தண்ணீர் ராசாவின் தாடியை நனைத்தது. முத்திரை மோதிரத்தை ஓலையில் அழுத்தினான். நாற்பது வீட்டாரும் சிரிக்காமல் சேற்றில் இறங்கினார்கள். பலகையைப் போட்டு, ஒருவர் பின் ஒருவராக எல்லாரையும் இழுத்து வெளியே போட்டார்கள். புலவரைக்கூட.

தலைநகர் போய்ச் சேர்ந்ததும் மகுடத்தேவன் ஒரு பெரிய கல்லை நட்டான். காட்டின் தாகம் தணிக்கத் தன் பாதையைத் தானே உடைத்துக் கடலை அழைத்த வள்ளல் என்று அதில் வெட்டினார்கள். அங்காயியின் பெயர் அதில் இல்லை. ஓலையைக் கிழிக்கத்தான் ராசாவுக்கு ஆசை. ஆனால் மலைநாட்டு அரசன் சாட்சியாக உடன் முங்கியிருந்தான்.

காடு உடனே தழைக்கவில்லை. கதையில் தழைக்கலாம், சேற்றில் அப்படி நடக்காது. உப்பு கழுவிப்போக மூன்று தை ஆயிற்று. முளைவிட்டு நிமிரப் பத்து வருசம். தில்லை மரங்களில் பாதி திரும்பவே இல்லை. அந்தப் பத்து வருசத்தில் ஒரு புயல் வந்தது. முதல் அடியை வாங்கக் காடு இல்லாததால் நண்டுத்திட்டு வாங்கியது. ஆறு குடிசை போயின, வீரணனின் மகளும் போனாள். அதை எந்தக் கல்லிலும் வெட்டவில்லை.

காட்டைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் வருவது மட்டும் நிற்கவில்லை. பல்லக்கில் வருவார்கள். மேட்டில் அங்காயி ஒரு கூடையை நீட்டுவாள். அவர்கள் கூடையைப் பார்ப்பார்கள், தங்கள் பட்டைப் பார்ப்பார்கள், பொழுதாகிவிட்டது என்பார்கள். அப்படித் திரும்பிப்போன பெரிய மனிதர்களால் அந்தக் காட்டுக்கு விளைந்த நன்மை கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு காட்டில் காலகாலமாகப் பாடுபடுகிறவர்களை விரட்டிவிட்டு அந்தக் காட்டை எவராலும் காக்க முடியாது.